காய்ச்சலும் பாய்ச்சலும் வயலுக்கு. காய்ச்சல் வீட்டுக்கு வேண்டாம்!

பூந்தமல்லியை அடுத்துள்ள பாரிவாக்கம், ஏரியை நம்பிப் பயிர் செய்துவந்த ஊர். இன்று வயல் வரப்பை ஒட்டியே வீட்டு மனைகள் வந்துவிட்டன. ஒரு பக்கம் தண்ணீர் கட்டிய நெல் வயல். மறு பக்கம் புதுக் குடியிருப்பின் கழிவுநீர் தேங்கிய பள்ளம். நடுவில் கிணறும் மாட்டுத் தொழுவமுமாக ஒரு விவசாயி வீடு. பட்டணத்துக் கொசு வேறு, கிராமத்துக் கொசு வேறு என்று சொல்வது உண்டு. இப்படிப்பட்ட ஊர்களில் இரண்டும் ஒரே வாசலுக்கு வந்து சேருகின்றன.

கொசுக்கடியால் தூக்கம் மட்டும் கெடுவதில்லை. ஐப்பசி மழைக் காலத்தில் களையெடுப்பும் மேலுரமும் தள்ளிப்போட முடியாத வேலைகள். அந்த வாரம் வீட்டில் ஒருவர் டெங்குக் காய்ச்சலில் படுத்தால் அவருடைய வேலை நிற்கும். அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையும் நிற்கும். இரவு முழுவதும் காலை உதைத்துக்கொண்டும் வாலை வீசிக்கொண்டும் நிற்கும் கறவை மாடு நிம்மதியாகப் படுத்து அசை போடாது. காலையில் பாலும் குறையும். ஆகவே கொசு ஒழிப்பைச் சுகாதாரத் துறையின் வேலை என்று விட்டுவிடாமல், பயிர்ப் பாதுகாப்பைப் போலப் பண்ணை வேலைகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும்.

எந்தப் பருவத்தில் பிடிப்பது?

நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு நாம் என்ன செய்கிறோம்? நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுகிறோம். தாய் அந்துப்பூச்சி இலை நுனியில் முட்டைக் குவியல் வைப்பதால், நுனி போனால் முட்டையும் போகிறது. பறக்கும் அந்துப்பூச்சியின் பின்னால் யாரும் ஓடுவதில்லை. கொசுவுக்கும் இதே கணக்குத்தான்.

கொசுவில் பெண்தான் கடிக்கும். முட்டை உண்டாக அதற்கு இரத்தம் வேண்டும். இரத்தம் குடித்த கொசு ஒரு தடவையில் நூறு முட்டை வரையிலும், அதற்கு மேலும் இடும். முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய 3 பருவங்களும் தண்ணீரில்தான் கழிகின்றன. நம் ஊர் வெப்பத்தில் முட்டையிட்டதிலிருந்து கொசுவாகப் பறக்கும் வரை சுமார் 7 முதல் 10 நாட்கள் ஆகும்.

பறந்த பிறகு கொசு நம் கையில் அகப்படாது. பறப்பதற்கு முன்போ அது ஒரு தொட்டியிலோ கொட்டாங்கச்சியிலோ சிறைப்பட்டுக் கிடக்கிறது. 7 நாளைக்கு ஒரு முறை அந்தத் தண்ணீரைக் கொட்டிக் காயவிட்டால் ஒரு கொசுவும் பறக்காது. பாடம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதை எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான்.

நான்கு கொசு, நான்கு தண்ணீர்

எல்லாக் கொசுவும் எல்லாத் தண்ணீரிலும் முட்டையிடுவதில்லை. எது எங்கே வளரும் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம்.

1. பகல் கொசு (ஏடிஸ்): கறுத்த உடம்பில் வெள்ளை வரிகள் இருக்கும். காலையிலும் மாலை மங்கும் முன்பும் கடிக்கும். வீட்டைச் சுற்றிப் பாத்திரங்களில் நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் இதற்குப் பிடித்தது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுவே. 1964-ல் சென்னையில் பெருவாரியாகப் பரவிய சிக்குன்குனியா, 2006-ல் திரும்பவும் வந்தது. 2012-ல் தமிழ்நாட்டில் டெங்குவால் பாதிக்கப்பட்டவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்கு மேல் போவதில்லை. ஆகவே உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் பிறந்திருக்கும்.

2. மலேரியாக் கொசு (அனோபிலஸ்): வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும், இரவில் கடிக்கும். சென்னை நகரில் மலேரியாவைப் பரப்பும் இனம் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்வது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார்.

3. சாக்கடைக் கொசு (க்யூலெக்ஸ்): கழிவுநீர்ப் பள்ளம், சாக்கடை, செப்டிக் டாங்க் ஆகியவற்றில் வளரும். இரவில் காதருகே ரீங்காரமிடுவது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்பும்.

4. வயல் கொசு: க்யூலெக்ஸில் வேறு இனங்கள். நெல் வயல் தண்ணீரில் வளரும். இருட்டத் தொடங்கியதும் கிளம்பும். மாட்டைத்தான் அதிகம் கடிக்கும். ஜப்பானிய மூளைக் காய்ச்சலைப் பரப்புவது இதுவே. நம் நாட்டில் இந்நோய் முதன்முதலில் அறியப்பட்டது 1955-ல், வேலூரில். நோய்க் கிருமி பெருகுவது பன்றியிலும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும். மாட்டின் உடலில் அது பெருகுவதில்லை. ஆகவே பன்றி வளர்ப்போர் பட்டியை வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும் தள்ளி அமைக்க வேண்டும்.

வீட்டைச் சுற்றி

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் உள்ளவர்களுக்கு அன்றே வசதி. அன்று காலை ஒருவர் ஒரு குச்சியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்:

- மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, கழுநீர்த் தொட்டி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி.
- பயன்படுத்தாத ஆட்டுக்கல், உரல், உடைந்த பானை, கொட்டாங்கச்சி, பிளாஸ்டிக் டம்ளர்.
- பழைய டயர். கூரைமேல் தார்ப்பாயைப் பிடித்துவைக்க டயரைப் போடுவது வழக்கம். அதில் 4 இடத்தில் ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் நிற்காது.
- சுருட்டிப் போட்ட தார்ப்பாயின் மடிப்பு, கவிழ்க்காத சிமெண்ட் சட்டி, பூச்செடித் தொட்டியின் அடித்தட்டு.
- குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு. வீட்டுக்குள்ளேயே கொசு வளரும் இடம் இது, பலர் கவனிப்பதில்லை.
- மரப்பொந்து. மண் கொட்டி அடைத்துவிடலாம்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. அந்த முட்டை காய்ந்தும் மாதக் கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்ட பிறகே தண்ணீர் நிரப்ப வேண்டும். கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

கிணறும் தொட்டியும்

குடிதண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்முக்கும் குடத்துக்கும் பழைய வேட்டித் துணியை வாயில் இறுக்கிக் கட்டலாம். மூடி இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கொசு நுழைய விரலளவு இடைவெளி போதும். மேல்நிலைத் தொட்டியின் மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். நிரம்பி வழியும் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள்.

நாள்தோறும் இறைக்காத கிணறு கொசுவுக்கு நாற்றங்கால். கிணற்றுக்கு வலை போடலாம். அல்லது கப்பி, கம்பூசியா போன்ற சிறு மீன்களை விடலாம். கம்பூசியா 1928-ல் இத்தாலியிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கொசுப்புழுவை ஆவலுடன் தின்னும். ஆனால் இந்த மீன்களைக் கிணறு, தொட்டி போன்ற அடைப்பு நீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏரியில் விட்டால் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று கெடுக்கும். தவளைக் குஞ்சையும் விடாது.

கழிவுநீர் வாழைக்கு

கிணற்றடித் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் வாசலில் தேங்கி நிற்பதுதான் சாக்கடைக் கொசுவுக்கு முதல். இந்தத் தண்ணீரைச் சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் பாய விடுங்கள். வாய்க்கால் சரிவாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை மண்வெட்டியால் தூர் வார வேண்டும். 2 பாத்தி வெட்டி, ஒரு வாரம் ஒன்றுக்கும் மறு வாரம் மற்றதற்கும் தண்ணீரைத் திருப்பினால் எந்தப் பாத்தியிலும் தண்ணீர் நிற்காது.

தோட்டம் இல்லாதவர்கள் உறிஞ்சு குழி அமைக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. அடியில் பெரிய கல், நடுவில் நடுத்தரக் கல், மேலே சிறு ஜல்லி. தண்ணீர் விழும் இடத்தில் அடியில் ஓட்டை போட்ட பானை ஒன்றை வைத்து, அதில் தேங்காய் நார் அடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் நாரில் தங்கிவிடும். நாரை அவ்வப்போது மாற்றலாம். குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருக்க வேண்டும். ஏரியை ஒட்டிய களிமண் நிலத்தில் மழைக் காலத்தில் குழி தண்ணீரை உறிஞ்சாது. அங்கே வாழைப் பாத்திதான் சரி.

செப்டிக் டாங்க் உள்ள வீட்டில் மறக்கக் கூடாத ஒன்று, அதன் காற்றுக் குழாய். குழாயின் வாயில் ஒரு சாண் நைலான் வலையைக் கட்டிவிட்டால், உள்ளே பிறக்கும் கொசு வெளியே வர முடியாது. செலவு மிகக் குறைவு. பலன் மிக அதிகம். டாங்கின் மேல்மூடியில் வெடிப்பு இருந்தால் சிமெண்ட் பூசி அடையுங்கள்.

வயலில்

வயலில் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்ட முடியுமா என்று கேட்கலாம். முடியும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் முன்னோர் சொன்னது அதைத்தான்.

நடவு நட்டு நாற்று வேர் பிடிக்கும் வரை ஈரம் குறையக் கூடாது. அதன் பிறகு 2 அங்குலம் தண்ணீர் கட்டி, அது வற்றி, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும்போது மறுபடி பாய்ச்சலாம். பொதி கட்டுவதிலிருந்து பூத்துப் பால் பிடிக்கும் வரை பயிரைக் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் தண்ணீரும் மோட்டார் ஓடும் நேரமும் மிச்சமாகும். வேர் ஆழமாக இறங்கும். கொசுப்புழுவும் வளர்ச்சி முடியும் முன் காய்ந்து சாகும். வயல் சமமாக இல்லாவிட்டால் காலடிப் பள்ளங்களில் தண்ணீர் நின்று புழு பிழைத்துக்கொள்ளும். எனவே பரம்படிப்பில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சொர்ணவாரிக்கும் நவரைக்கும் இம்முறை நன்கு பொருந்தும். சம்பாவில் அடைமழை பெய்யும்போது வயலைக் காயவிடுவது நம் கையில் இல்லை. அப்போது மடையைத் திறந்து மிகை நீரை வடித்து, தேக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்வதே வழி.

தழைச்சத்து உரம் இட்ட வயலில் கொசுப்புழு பெருகுவதைத் தென்னிந்திய நெல் வயல்களில் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே யூரியாவை மொத்தமாகக் கொட்டாமல், பிரித்து, அளவோடு இடுங்கள். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் 1990-களின் தொடக்கத்தில் வேப்பம் பிண்ணாக்கையும் நீர் நிர்வாகத்தையும் சேர்த்துச் சோதித்தபோது கொசுப்புழு குறைந்தது. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் பிண்ணாக்குத் தூள் 1 பங்கு கலந்து ஓரிரவு வைத்திருந்து இடுவது, தழைச்சத்து வீணாகாமல் இருக்க முன்பே சொல்லப்பட்டு வரும் முறை. 2015 முதல் வேம்பு பூசிய யூரியாவே கடைக்கு வருகிறது என்றாலும், அந்தப் பூச்சு மிக மெல்லியது. கொசுப்புழுவை அது ஒழித்துவிடும் என்று எண்ணக் கூடாது.

அசோலாவும் துணை செய்யும். நட்ட சில நாளில் ஏக்கருக்கு 100 கிலோ தூவினால் பரவித் தண்ணீரை மூடும். நன்றாக மூடிய தண்ணீரில் கொசு முட்டையிடுவது குறையும். களையெடுக்கும்போது சேற்றில் மிதித்துவிட்டால் பயிருக்குத் தழைச்சத்து.

மருந்து மட்டும் போதுமா?

நாட்டில் மலேரியா ஒழிப்புக்காக 1953-ல் தேசியத் திட்டம் தொடங்கி, வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். 1965 வாக்கில் நோயாளிகள் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள். மலேரியா போய்விட்டது என்று பலரும் நம்பினார்கள். 1976-ல் அது 64 லட்சத்தைத் தாண்டித் திரும்பியது. கொசு மருந்துக்குப் பழகிப்போனதும், கண்காணிப்புத் தளர்ந்ததும் முக்கியக் காரணங்கள். மருந்தடித்த பூச்சி மருந்தை மிஞ்சுவதைப் பருத்தி பயிரிட்டவர்கள் நன்றாக அறிவார்கள்.

மாறாக, புதுச்சேரியில் 1975-ல் அமைந்த கொசு ஆராய்ச்சி மையத்தார் 1981 முதல் 1985 வரை யானைக்கால் கொசுவைக் கட்டுப்படுத்த, மருந்தோடு நிற்காமல் கொசு வளரும் இடங்களையே குறைக்கும் வழிகளைக் கையாண்டார்கள். தேங்கும் தண்ணீரைப் பயனுள்ளதாக மாற்றுவதும் அவற்றில் ஒன்று. மீன் வளரும் குட்டையில் கொசு வளராது. மீன் காசும் தரும். இது விவசாயிக்கு எளிதில் விளங்கும் கணக்கு.

தண்ணீரில் கொசு வளர விடுவதைத் தடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே தனிப் பகுதி உண்டு. பக்கத்து மனையில் தண்ணீர் தேங்கினால் ஊராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். சண்டை தேவையில்லை, முதலில் நம் வாசல் காய்ந்திருக்க வேண்டும்.

விவசாயிகளின் சந்தேகங்கள்

வேப்பிலை, நொச்சிப் புகை போட்டால் போதாதா? புகை இருக்கும் வரை கொசு விலகும், அடங்கியதும் திரும்பும். தொழுவத்தில் காற்றோட்டம் விட்டு மாலையில் சிறிது நேரம் போடலாம். குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் படுக்கும் அறையில் போடக் கூடாது. இரவுக்குக் கொசுவலையே சிறந்தது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்து மீதி இருக்கிறது. தொட்டியிலோ வீட்டுக்குள்ளோ தெளிக்கலாமா? ஒருபோதும் கூடாது. மனிதருக்கும் மாட்டுக்கும் உயிராபத்து. தொட்டித் தண்ணீருக்கென்று தனி மருந்து உண்டு. அதைச் சுகாதாரப் பணியாளர்தான் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். பூச்சிமருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும் கூடாது.

பிளீச்சிங் பவுடர் தூவினால் கொசு ஒழியுமா? அது தண்ணீரிலுள்ள நோய்க் கிருமிக்கானது. வழக்கமாகத் தூவும் அளவில் கொசுப்புழு சாகாது.

மாட்டை வீட்டை ஒட்டிக் கட்டினால் கொசு மாட்டைக் கடித்துவிட்டுப் போய்விடாதா? மாட்டு வாடைக்கு வரும் கொசு, வீட்டுக்குள்ளும் நுழையும். தொழுவம் சற்றுத் தள்ளியிருப்பதே நல்லது. மூத்திரக் கால்வாய் தேங்காமல் எருக்குழிக்குப் போகட்டும்.

காய்ச்சல் வந்தால்? 2 நாளில் விடாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடையில் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி விழுங்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு அதிகமாகும். காய்ச்சல் தணிந்த பிறகு கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் விட்ட நாட்களே ஆபத்தான நாட்கள்.

ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் அரைகுறைதான். ஒரு தெருவே ஒரே கிழமையில் தொட்டியைக் கவிழ்த்தால் பகல் கொசுவுக்கு அந்தத் தெருவில் பிழைப்பு இல்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் குச்சியைக் கொடுத்துக் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. இந்த வாரம் தொடங்குங்கள். நாற்றின் நுனியைக் கிள்ளும் கைக்குத் தொட்டியைக் கவிழ்ப்பது பெரிய வேலை அல்ல.